ஸ்டெப்னி இல்லாத காரும் ரன்-ஃப்ளாட் டயரும்: பெங்களூரிலிருந்து ஊருக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

டிக்கியின் விரிப்பைத் தூக்கினால் ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தெர்மாகோல் தட்டு மட்டும் இருக்கும். "ரன்-ஃப்ளாட் டயர் சார், ஸ்டெப்னியே வேண்டாம்" என்று ஷோரூமில் சொல்லியிருப்பார்கள். ரன்-ஃப்ளாட் என்பது பக்கச்சுவரில் தடித்த ரப்பர் வைத்துக் கட்டிய டயர். காத்து முழுசாக இறங்கினாலும் அந்தச் சுவரே காரின் எடையைத் தாங்கும். பெரும்பாலான தயாரிப்புகளில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் 80 கி.மீ. தூரம் வரை ஓட்டலாம்.

ஆபத்தான இடத்திலிருந்து உங்களை வெளியே கொண்டுவர அது போதும். அதற்குப் பிறகு நல்ல டயர் எங்கிருந்து வரும் என்பதற்கு அந்த டயரிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை நீங்கள்தான் முன்கூட்டியே தயார் செய்து வைக்க வேண்டும்.

வரிசையை மாற்றாதீர்கள். புதியவர்கள் பலர் முதலில் ஸ்டெப்னியை வாங்கிவிடுகிறார்கள். அது பிரேக் காலிப்பரில் (சக்கரத்துக்குள் பிரேக் தட்டைக் கவ்வும் பாகம்) இடிக்கிறது என்பது வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரிகிறது. முதல் நான்கு படிகளுக்குப் பணம் தேவையில்லை. ஒரு டார்ச்சும் நோட்டுப் புத்தகமும் போதும்.

1. காரில் இப்போது இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள்

முதலில் நான்கு டயர்களின் பக்கச்சுவரையும் படியுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ரன்-ஃப்ளாட்டை ஒவ்வொரு பெயரில் அச்சிடுகிறது: பிரிட்ஜ்ஸ்டோனில் ஆர்.எஃப்.டி. (RFT), மிஷலினில் இசட்.பி. (ZP), கான்டினென்டலில் எஸ்.எஸ்.ஆர். (SSR), குட்இயரில் ஆர்.ஓ.எஃப். (ROF). பழைய கார் வாங்கியவர்கள் நான்கையும் பார்ப்பது அவசியம். முந்தைய உரிமையாளர் பின்னால் ரன்-ஃப்ளாட்டும் முன்னால் சாதா டயரும் போட்டு விற்றிருப்பதுண்டு. அப்படி இருந்தால் எந்தச் சக்கரத்தில் காத்து போனால் ஓட்டலாம், எதில் ஓட்டக் கூடாது என்பதே குழப்பமாகிவிடும்.

அதே இடத்தில் அளவும் இருக்கும், உதாரணமாக 225/50 ஆர்17 94 டபிள்யூ. கடைசியில் உள்ள 94 என்பது ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு; டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ. வரை தாங்கும். டயர் மாற்றும்போது இந்த இரண்டும் குறையக் கூடாது என்பதால் முழு வரியையும் எழுதிக்கொள்ளுங்கள். முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம் தயாரான வாரமும் ஆண்டும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

அடுத்து ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உள்ள காத்து அழுத்த அட்டை. ஆள் குறைவாக இருக்கும்போது எவ்வளவு, முழுச் சுமையில் எவ்வளவு, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அழுத்தக் கண்காணிப்பு எந்த வகை என்று பாருங்கள். திரையில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எண் காட்டினால் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் சென்சார் இருக்கிறது. எண் இல்லாமல் விளக்கு மட்டும் என்றால், பெரும்பாலும் அது சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்து ஊகிக்கும் வகை. இரண்டாவது வகைக்கு ஒரு குறை உண்டு: நான்கு டயரிலும் ஒரே அளவில் காத்து குறைந்தால் அதற்குத் தெரியாது. காத்து அடித்ததும் மெனுவில் போய் ரீசெட் செய்யாவிட்டால் பழைய கணக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். ரன்-ஃப்ளாட்டில் இந்த விளக்கு வேலை செய்தே ஆக வேண்டும். காத்து இல்லாத ரன்-ஃப்ளாட் வெளியே பார்க்க நல்ல டயர் போலவே நிற்கும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக டிக்கி. ஜாக்கி இருக்கிறதா, வீல் ஸ்பேனர் இருக்கிறதா, திருட்டுத் தடுப்பு போல்ட்டுக்கான அடாப்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அடாப்டர் கட்டைவிரல் அளவே இருக்கும். கடைசியாக சர்வீஸ் செய்தவர் கையிலிருந்து அது திரும்பி வராமலே போயிருக்கலாம். அது இல்லையென்றால் எத்தனை ஸ்டெப்னி வைத்திருந்தும் சக்கரத்தைக் கழற்ற முடியாது.

2. உங்கள் வழியில் 80 கி.மீ. எங்கே முடிகிறது

பெங்களூருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு 80 கி.மீ. தாராளம். ஒயிட்ஃபீல்டில் பஞ்சரானாலும் கார்ச் சாமான் கடைகள் உள்ள ஜே.சி. ரோடு வரை வந்துவிடலாம். சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போகும் மேம்பாலத்தில் காத்து இறங்கினால் ரன்-ஃப்ளாட் உண்மையிலேயே உயிர் காக்கும். அங்கே நின்று ஜாக்கி போடும் ஆபத்து இல்லாமல் கீழே இறங்கிவிடலாம்.

ஊருக்குப் போகும்போது கணக்கு வேறு. சேலம் சுமார் 200 கி.மீ. தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் விளக்கு எரிந்தால் சேலம் எட்டும் தூரம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு சேலத்தில் உங்கள் அளவு ரன்-ஃப்ளாட் டயர் கையிருப்பில் இருக்குமா? கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சாதா 185/65 ஆர்15 மாதிரி எந்தக் கடையிலும் கிடைக்கும் சரக்கு அல்ல அது. பெரிய நகரத்து டீலரிடம் சொல்லி வரவழைக்க ஒன்றிரண்டு நாள் ஆகலாம். குடும்பத்தோடு லாட்ஜில் காத்திருக்கும் செலவையும் டயர் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பந்திப்பூர் காட்டு வழியாக ஊட்டி போகிறவர்கள் இன்னும் கவனமாகக் கணக்குப் போட வேண்டும். இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை அந்தச் சாலை மூடியிருக்கும். பகலிலும் காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது.

இன்னொன்று: அந்த 80 கி.மீ. நல்ல தார்ச்சாலையில், மிதமான சுமைக்கான எண். ஐந்து பேரும் பெட்டிகளும் மே மாத வெயிலும் சேர்ந்தால் தூரம் குறையும். வளைந்து வளைந்து சூடேறித்தான் பக்கச்சுவர் அழிகிறது. பாதித் தூரத்தையே நம்புங்கள்.

3. குறைகளில் எது உங்களைக் கடிக்கும் என்று முடிவு செய்யுங்கள்

பள்ளம்தான் பெங்களூர்க்காரர்களின் பெரிய பிரச்சினை. சுவர் விறைப்பாக இருப்பதால் பள்ளத்தின் விளிம்பு கொடுக்கும் அடியை டயர் வாங்கிக்கொள்வதில்லை. அது ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் போகிறது. மெல்லிய பக்கச்சுவர் கொண்ட 18, 19 அங்குலச் சக்கரங்களில் அலாய் வளைவதும் விரிசல் விடுவதும் இதனால்தான். சுவரில் முட்டை மாதிரிப் புடைத்தாலோ கத்தியால் கீறியது போல வெட்டுப்பட்டாலோ ரன்-ஃப்ளாட்டும் போச்சு. ரன்-ஃப்ளாட் ஆணிக்குத் தாங்கும். சுவர் கிழிந்தால் தாங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. இதைச் சொல்லாமல் விற்கிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

இரண்டாவது, பழுது பார்க்கும் வாய்ப்பு. காத்தில்லாமல் ஓடிய ரன்-ஃப்ளாட்டின் உள்சுவர் வெந்து போயிருக்கலாம், வெளியே தெரியாது. அதனால் அப்படி ஓடியதை ஒட்டிப் போட வேண்டாம் என்பதே பெரும்பாலான தயாரிப்பாளர்களின் அறிவுரை. சாதா டயரில் ஓர் ஒட்டோடு முடியும் ஆணிப் பஞ்சர் இங்கே ஒரு முழு டயரை விழுங்கிவிடும்.

விலை அதிகம், எடை அதிகம், சத்தமும் கொஞ்சம் கூடும். இவை தெரிந்தவைதான்.

4. எந்த வழி யாருக்கு

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. 3.5 டன்னுக்கு மேற்படாத பயணிகள் கார்களில் ட்யூப்லெஸ் டயர், அழுத்தக் கண்காணிப்பு, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை; 2020 அக்டோபர் 1 முதல் இது நடைமுறை. ஆகவே ஸ்டெப்னி இல்லாத காரில் கிட் இல்லாமல் போவது சட்டப்படியும் சரியில்லை.

நகரத்துக்குள் மட்டும் ஓடும் கார் என்றால் ரன்-ஃப்ளாட்டையே வைத்துக்கொண்டு படி 5-இல் உள்ள கிட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போதும்.

மாதம் ஒருமுறையாவது ஓசூர் தாண்டுபவர்கள் ரன்-ஃப்ளாட்டோடு ஒரு ஸ்பேஸ் சேவர் ஸ்டெப்னியும் (தற்காலிகமாகப் போடும் ஒல்லிச் சக்கரம்) வைத்துக்கொள்வது எங்கள் பரிந்துரை. டிக்கி இடம் போகும். போகட்டும்.

டயர் தேய்ந்து எப்படியும் நான்கும் மாற்றும் நிலையில் இருப்பவர்களுக்குச் சாதா டயரும் ஸ்பேஸ் சேவரும் சேர்ந்த வழி மிகவும் பொருந்தும். பள்ளத்தில் அடி குறையும், டயர் எங்கும் கிடைக்கும், பஞ்சர் ஒட்டலாம். ஆனால் காத்து போன பிறகு ஓட்டும் வசதி போய்விடும். இரவில் தனியாக ஓட்டுபவர்களும், சக்கரத்தைத் தூக்கி மாட்ட உடல் ஒத்துழைக்காதவர்களும் இதை நன்றாக யோசித்துச் செய்யுங்கள்.

நான்காவதாகத் தானே அடைத்துக்கொள்ளும் டயர்: உள்பக்கம் பிசின் பூசியது, கான்டிசீல், பிரெல்லி சீல் இன்சைட் போன்றவை. சுமார் 5 மி.மீ. வரையுள்ள ஆணித் துளையைப் பிசின் தானே மூடும். பக்கச்சுவர் வெட்டுக்கு இதுவும் உதவாது. எல்லா அளவிலும் கிடைப்பதில்லை. உங்கள் அளவில் கிடைத்தால் நல்ல நடுவழி.

5. கிட்: என்ன வாங்க வேண்டும், எவ்வளவு

12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் வகை பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். உங்கள் காரின் சாக்கெட் ஃப்யூஸ் எவ்வளவு என்று ஃப்யூஸ் பெட்டி அட்டையில் பாருங்கள். சமமாகவோ குறைவாகவோ இருந்தால் நடுவழியில் ஃப்யூஸ் போகும். அதே அளவு ஃப்யூஸ் இரண்டு கூடுதலாக வைத்திருங்கள். கம்ப்ரஸரின் ஒயர் பின்சக்கரம் வரை எட்டுகிறதா என்பதையும் அளந்து வாங்குங்கள். நீளமான காரில் இது அடிக்கடி இடறும்.

ட்யூப்லெஸ் பஞ்சர் கிட்: டி வடிவக் கைப்பிடியுள்ள துளையர், அதே கைப்பிடியுள்ள ஊசி, ரப்பர் ஸ்ட்ரிப் குறைந்தது 10, ரப்பர் சொல்யூஷன். பிளாஸ்டிக் கைப்பிடி வேண்டாம். டயருக்குள் உள்ள இரும்புக் கம்பி அடுக்கான ஸ்டீல் பெல்ட் வழியாகத் துளையரைத் திருகி இறக்கும்போது அது உடைந்து உள்ளங்கையைக் கிழிக்கும். இவற்றோடு மூக்கு நீண்ட கொறடு, கட்டர், கையுறை, சோப்புத் தண்ணீருக்கு ஒரு சிறு ஸ்ப்ரே பாட்டில், ரிம்மில் குறிபோட சாக்பீஸ்.

சீலன்ட் பாட்டில் 450 மி.லி. ஒன்று. இது கடைசி ஆயுதம். டயருக்குள் பால் போலப் பரவி, 4 முதல் 6 மி.மீ. வரையுள்ள துளையை அடைக்கும். அதற்குப் பிறகு உள்ளே பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். சென்சாரின் துளையை அடைத்துவிடவும் கூடும். பாட்டிலில் காலாவதித் தேதி உண்டு. காரோடு வந்தது பெரும்பாலும் சில வருடங்களுக்குத்தான். பழைய கார் வாங்கியவர்கள் தேதியை இன்றே பாருங்கள்.

மற்றவை: டிஜிட்டல் காத்து மீட்டர், எச்சரிக்கை முக்கோணம், தலையில் மாட்டும் விளக்கு. கைபேசி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஸ்ட்ரிப் சொருக முடியாது.

6. ஸ்பேஸ் சேவர்: இந்த வரிசையில் சரிபாருங்கள்

ஸ்பேஸ் சேவர் என்பது தற்காலிக ஒல்லி ஸ்டெப்னி. அளவுக்கு முன்னால் டி (T) என்ற எழுத்து இருக்கும். காத்து 60 பி.எஸ்.ஐ., வேகம் 80 கி.மீ.-க்கு மேல் கூடாது. இந்தப் படியில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன, பொறுமையாகப் போங்கள்.

போல்ட் வட்டம்: போல்ட் துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம் இது. பிஎம்டபிள்யூ 3 சீரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்30 தலைமுறையில் ஐந்து போல்ட், 120 மி.மீ. வட்டம். அடுத்து வந்த ஜி20-இல் 112 மி.மீ. பெயர் ஒன்று, கார் பார்க்க ஒன்று போலவே. ஒன்றின் சக்கரம் மற்றதில் ஏறாது. "3 சீரிஸ் ஸ்டெப்னி" என்று கேட்டு வாங்கினால் பாதி வாய்ப்பு தவறானது கிடைக்க.

நடுத்துளை: ஜி20-க்கு 66.6 மி.மீ. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா சக்கரங்களிலும் 112 வட்டம்தான், ஆனால் நடுத்துளை 57.1 மி.மீ.; ஹப்பில் (காரில் சக்கரம் மாட்டும் மையம்) உட்காரவே உட்காராது. பெரிய துளையுள்ள சக்கரம் உட்கார்ந்துவிடும், ஆனால் நடுவில் நிற்காது. போல்ட்கள் மட்டுமே எடையைச் சுமக்கும், ஸ்டியரிங் நடுங்கும்.

போல்ட் உட்காரும் குழி: இங்கேதான் கடைக்காரர்களே ஏமாறுகிறார்கள். மெர்சிடீஸ் சக்கரமும் 112 வட்டம், 66.6 துளை, ஜி20-இல் அழகாக உட்காரும். ஆனால் மெர்சிடீஸின் குழி உருண்டை, பிஎம்டபிள்யூ போல்ட்டின் தலை கூம்பு. கூம்பு உருண்டைக்குள் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொடும். முறுக்கும்போது இறுகியது போலவே இருக்கும். ஓடும்போது தளரும். ஒரு போல்ட்டைக் குழியில் வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். முழுத் தளமும் ஒட்டி உட்கார வேண்டும்.

போல்ட் நீளம்: அலாய் தடிமன், ஸ்டீல் ரிம் மெல்லியது. அலாய்க்கான போல்ட்டை ஸ்டீல் ரிம்மில் போட்டால் உள்ளே அதிகம் நீண்டு பிரேக் பாகங்களை உரசலாம். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: உங்கள் அலாயை மாட்டி ஒரு போல்ட்டைக் கையால் திருகுங்கள், எத்தனை முழுச் சுற்றில் உட்காருகிறது என்று எண்ணுங்கள். பிறகு ஸ்டெப்னியில் அதே போல்ட். சுற்று குறைந்தால் அந்தப் போல்ட் குட்டை, ஆபத்து. இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் கூடினால் நீளம். ஸ்டெப்னிக்கென்று குட்டை போல்ட் ஐந்து வாங்கி ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியிலேயே கட்டி வையுங்கள்.

விட்டம்: 225/50 ஆர்17 டயரின் விட்டம் கணக்கிட, 225-இல் 50 சதவீதம் 112.5, அதன் இரு மடங்கு 225, ரிம் 17 அங்குலம் என்பது 431.8 மி.மீ.; மொத்தம் 656.8. டி135/80 ஆர்17 ஸ்டெப்னிக்கு 647.8. வித்தியாசம் 9 மி.மீ., 1.4 சதவீதம், நல்ல பொருத்தம். டி125/80 ஆர்17 என்றால் 631.8, கிட்டத்தட்ட 4 சதவீதம் சிறியது. ஒரே அச்சில் இரண்டு விட்டம் இருந்தால் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் ஓயாமல் சுற்றும்; நான்கு சக்கர இயக்கக் காரில் முன்பின் இணைக்கும் கிளட்ச் சூடாகும். அப்படிப்பட்ட கார்களில் 2 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

காலிப்பர் இடைவெளி: கடைசிச் சோதனை. முன்சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டி, கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி மறுபடி சுற்றுங்கள். ரிம்முக்கும் காலிப்பருக்கும் நடுவே 3 மி.மீ.யாவது இருக்க வேண்டும். பின்சக்கரத்திலும் இதையே செய்யுங்கள்.

புதியது டீலரிடம் கிடைக்காவிட்டால் சிவாஜிநகர் குஜிரியில் (பழைய சாமான் சந்தை) பழையது தேடலாம். அளவுகளை எழுதிய தாளோடு மி.மீ. துல்லியமாக அளக்க ஒரு வெர்னியரும் எடுத்துப் போங்கள். பில் வாங்குங்கள். தயாரித்து பத்து வருடம் ஆன டயர் தேயாமல் புதுசாகவே இருந்தாலும் வேண்டாம், ரப்பர் காய்ந்திருக்கும். "திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா" என்று பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

டிக்கியில் ஸ்டெப்னியைச் சும்மா சாய்த்து வைக்காதீர்கள். சுமார் 15 கிலோ இரும்பு, திடீர் பிரேக்கில் பின் சீட்டை நோக்கிப் பாயும். சரக்குக் கட்டும் ராட்செட் பட்டையால் தரையிலுள்ள கொக்கிகளோடு இறுக்கிக் கட்டுங்கள்.

7. சாதா டயருக்கு மாறுபவர்களுக்கு மட்டும்

நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். விறைப்பான டயரும் இளகிய டயரும் கலந்தால் மழையில் வளைவு எடுக்கும்போது கார் எதிர்பாராத விதத்தில் நடந்துகொள்ளும். அளவு, சுமைக் குறியீடு, வேக எழுத்து மூன்றும் படி 1-இல் எழுதியதற்குக் குறையக் கூடாது. வாரன்டி பாக்கி இருந்தால் டீலரிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை பிறகு உதவாது.

ஸ்டெப்னி காருக்குள் வந்த பிறகே ரன்-ஃப்ளாட்டைக் கழற்றுங்கள். "அடுத்த வாரம் ஸ்டெப்னி வாங்கிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் அந்த வாரத்தில்தான் இரண்டும் இல்லாமல் கார் ஓடும்.

8. பார்க்கிங்கில் ஒத்திகை

பகலில், சமதளத்தில், இன்னொருவர் துணையோடு. தேவை ஒரு மணி நேரம்.

பார்க்கிங் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே போல்ட்களை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுற்றும், கார் ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கியை வைக்கும் இடம் கையேட்டில் இருக்கும். சில கார்களில் அதற்கென்று ரப்பர் கட்டை உண்டு. வேறெங்காவது வைத்தால் அடித்தகடு நசுங்கும்.

காத்து இல்லாத நிலையில் கார் தாழ்ந்து நிற்கும் என்பதையும் சோதியுங்கள். டயரில் காத்தை இறக்கிவிட்டு ஜாக்கி உள்ளே நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் உயரம் குறைந்த ஜாக்கி வேண்டும். மண்ணில் புதையாமலிருக்க ஒரு அடி சதுரத்துக்கு 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றையும் டிக்கியில் போடுங்கள்.

பெரும்பாலான ஐரோப்பியக் கார்களில் நட்டு கிடையாது, போல்ட்தான். ஹப்பில் சக்கரத்தைத் தொங்கவிடக் கம்பி எதுவும் நீட்டியிருக்காது. 20 கிலோ சக்கரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் துளையைத் தேடுவது புதியவர்களுக்கு முடியாத காரியம். அதே மரை கொண்ட வழிகாட்டி ஊசி ஒன்றை வாங்கி மேல்துளையில் திருகிவிட்டால் சக்கரம் அதில் தொங்கும். சிறிய பொருள், பெரிய நிம்மதி.

பிறகு கம்ப்ரஸரை ஓட்டி, காத்து இறக்கிய டயர் 33 பி.எஸ்.ஐ.க்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். என்ஜின் ஓடட்டும். ஆனால் மூடிய அடித்தளப் பார்க்கிங்கில் இதைச் செய்யாதீர்கள், புகை ஆபத்து.

9. விளக்கு எரிந்ததும்

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். பிரேக்கை அழுத்தாமல் ஆக்ஸிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறையுங்கள். சாதா டயர் என்றால் பக்கத்திலுள்ள முதல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். ரன்-ஃப்ளாட் என்றால் பாலத்திலோ வளைவிலோ நிற்காமல் 50–60 கி.மீ. வேகத்தில் பெட்ரோல் பங்க் அல்லது டோல் பிளாசா வரை போங்கள்.

திரையில் எண் தெரிந்தால் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பல கார்களில் அழுத்தம் 20–25 சதவீதம் குறைந்த பிறகே விளக்கு எரியும். 33 இருந்த டயர் அப்போது 25–26-இல் இருக்கும். ஐந்து நிமிடம் கழித்து 24 என்றால் நிமிடத்துக்கு அரை பி.எஸ்.ஐ.கூட இறங்கவில்லை; காத்து அடித்துக்கொண்டே பஞ்சர் கடை வரை போய்விடலாம். ஐந்து நிமிடத்தில் 15 என்றால் கடை வரை தாங்காது. நிறுத்திய இடத்திலேயே வேலை செய்ய வேண்டியதுதான்.

நின்றதும் முக்கோணத்தை 50 மீட்டர் பின்னால் வையுங்கள், விரைவுச் சாலையில் 100 மீட்டராவது. காரில் உள்ளவர்கள் தடுப்புக்கு வெளியே நிற்கட்டும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

இப்போது ஆணியைத் தேடுங்கள். கண்டதும் பிடுங்காதீர்கள். புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இதுதான். ஆணியே பாதி மூடியாக இருக்கிறது. பிடுங்கினால் மெதுவாகக் கசிந்த டயர் ஒரு நிமிடத்தில் சப்பையாகும். ஆணியை விட்டுவிட்டு, கதவு அட்டையில் உள்ளதைவிட 4–5 பி.எஸ்.ஐ. கூடுதலாக அடித்து, கடைக்கு ஓட்டுங்கள்.

அதற்கும் வழியில்லை என்றால் ஸ்ட்ரிப். துளை டயரின் தரை படும் பகுதியில் இருந்தால் மட்டும். தரைப் பகுதியும் சுவரும் சேரும் தோளிலோ, சுவரிலோ கூடாது. ஆணியைக் கொறடால் இழுக்கும்போது அது எந்தச் சாய்வில் இருந்தது என்று பாருங்கள். துளையரை அதே சாய்வில் விட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீல் பெல்ட்டில் புதுத் துளை விழும். நாலைந்து முறை ஏற்றி இறக்கித் திருகுங்கள். ஸ்ட்ரிப்பை ஊசிக்கண்ணில் நடுவாகக் கோத்து, சொல்யூஷன் தடவி, இரண்டு முனையும் ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே நிற்கும் வரை அழுத்தி, ஊசியைச் சட்டென்று உருவுங்கள். மெதுவாக உருவினால் ஸ்ட்ரிப்பும் கூடவே வரும். மிச்சத்தை 3 மி.மீ. விட்டு வெட்டி, காத்தடித்து, சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வந்தால் இன்னொரு ஸ்ட்ரிப்.

சீலன்ட் போட்டால் உடனே 5 முதல் 10 கி.மீ. ஓட்டுங்கள், அப்போதுதான் திரவம் சுற்றிப் பரவும். நின்று அழுத்தம் பாருங்கள். 19 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போயிருந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

10. பஞ்சர் கடையில்

பெங்களூரில் காத்துக்குக் கன்னடத்தில் "காளி", ஹிந்திக்காரர் கடையில் "ஹவா". சீலன்ட் போட்டிருந்தால் டயரைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் முகத்தில் தெறிக்கும். உள்ளே சென்சார் இருப்பதையும் சொல்லுங்கள், வால்வு பக்கத்தில் இரும்பு விடாமல் இருப்பார்.

ரன்-ஃப்ளாட்டைக் கழற்ற உதவிக்கரம் உள்ள மெஷின் வேண்டும். சாதா மெஷினில் இரண்டு கடப்பாரை வைத்து நெம்பினால் விளிம்புக் கம்பி அறுந்து டயர் வீணாகும், ரிம்மும் கீறும். மெஷினைப் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுங்கள்.

டயர் கழன்றதும் நீங்களே உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் கறுப்புத் தூள் கொட்டிக் கிடந்தாலோ, உள்சுவரைச் சுற்றிச் சுருக்கம் மாதிரி வளையம் தெரிந்தாலோ அந்த டயர் முடிந்தது. ஒட்டித் தருகிறேன் என்று சொன்னாலும் வேண்டாம். சுத்தமாக இருந்து, துளை தரைப் பகுதியில் 6 மி.மீ.க்குள் இருந்தால் உள்ளிருந்து போடும் காளான் பிளக் கேளுங்கள். வழியில் போட்ட ஸ்ட்ரிப்பை எடுத்துவிட்டு இதைப் போடச் சொல்லுங்கள்.

சக்கரத்தை மாட்டும்போது போல்ட்களை முதலில் கையால் திருகட்டும், பிறகு நட்சத்திர வரிசையில். காத்துத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கி முடிக்க விடாதீர்கள். கையேட்டில் உள்ள எண்ணுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். ஐரோப்பியக் கார்களில் அது பெரும்பாலும் 120 முதல் 150 நியூட்டன் மீட்டருக்குள். 50 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அடாப்டரைக் கையில் வாங்கிக்கொண்டு, திரையில் அழுத்தத்தை ரீசெட் செய்து, கிட்டில் செலவான ஸ்ட்ரிப்பை அங்கேயே வாங்கிப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.